பிரிக்கில் ஒரு ரயில் பெட்டி, ஒரு விமானம்: சொந்த மாதிரி வடிவமைப்பது எப்படி?

கடையில் விற்கும் லெகோ பெட்டிகளில் அழகான ரயில்கள் உண்டு. ஆனால் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாரான நீல நிற ஸ்லீப்பர் கோச்சை அங்கே தேடினால் கிடைக்காது. வேண்டும் என்றால் நாமே வடிவமைத்துக்கொள்ள வேண்டியதுதான். விமானமும் அப்படியே. பெட்டியில் வருவது பெரும்பாலும் குழந்தைகள் விளையாட ஏற்ற குட்டை விமானம். ஏர்பஸ் ஏ320 போல நீண்டு மெலிந்த உடல் வேண்டுமானால் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டும்.

புதிதாக வடிவமைக்க வருபவர்கள் முகப்பிலிருந்து தொடங்குவார்கள். இன்ஜினின் மூக்கையும் விமானி அறைக் கண்ணாடியையும் ஆசையாகக் கட்டுவார்கள். அதன் பிறகுதான் சக்கரம் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று தெரியவரும். என் முறை இதற்கு நேர் எதிரானது. நம்மால் மாற்ற முடியாத துண்டு எதுவோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ரயிலில் அது தண்டவாளம். விமானத்தில், உடலை உருண்டையாகக் காட்டும் வளைந்த துண்டு. மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டியில் இரண்டு மாதிரிகளைக் கணக்கிலிருந்து தொடங்கிப் பார்க்கப் போகிறோம். ஒன்று ஐசிஎஃப் ஸ்லீப்பர் கோச், மற்றொன்று ஏ320 நியோ, அதாவது புதிய இன்ஜின்களோடு வந்த ஏ320 ரகம்.

முதலில் மனப்பாடமாக வேண்டிய எண்கள்

பிரிக் என்னும் லெகோ கட்டையின் மேலே இருக்கும் புடைப்பைக் குமிழ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மி.மீ. பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் என்னும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மி.மீ. ஆக, மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அகலம் 8-இன் மடங்கிலும், உயரம் 3.2-இன் மடங்கிலும் வளர்கின்றன. துண்டுகளைப் படுக்க வைத்து, குமிழ் பக்கவாட்டில் நோக்கும்படி கட்டினால் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று மோதும். அவை சமாதானமாகும் இடம் ஒன்றுதான்: ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. பக்கவாட்டுக் கட்டுமானம் முழுவதும் இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கில்தான் நிற்கிறது.

இன்னொரு எண்ணும் தேவை. எல் வடிவப் பிராக்கெட்டின் செங்குத்துப் பக்கம் அரை பிளேட் தடிமன், அதாவது 1.6 மி.மீ. அதன்மேல் ஒரு பிளேட், பிளேட்டின்மேல் குமிழில்லாத டைல் ஒன்று வைத்தால் 1.6 + 3.2 + 3.2 = 8 மி.மீ. சரியாக ஒரு குமிழ் அகலம். ரயில் பெட்டியின் சுவரை இந்தக் கூட்டலை நம்பித்தான் எழுப்பப் போகிறோம்.

தண்டவாளம் தீர்மானிக்கும் அளவு

லெகோ தண்டவாளத்தின் உட்புற இடைவெளி 37.5 மி.மீ. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. வகுத்தால் அளவுவிகிதம் ஏறத்தாழ 1:45 என்று வருகிறது. ஐசிஎஃப் பெட்டியின் அகலம் 3.245 மீட்டர், உடல் நீளம் 21.337 மீட்டர். 1:45 கணக்கில் அகலம் ஒன்பது குமிழ், நீளம் அறுபது குமிழ், அதாவது கிட்டத்தட்ட அரை மீட்டர். அலமாரியில் நிறுத்தி வைக்க இது கம்பீரமான பொருள். வளைவில் ஓடுமா என்பதுதான் கேள்வி.

லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மி.மீ. பதினாறு வளைவுத் துண்டுகள் ஒரு முழு வட்டம். பெட்டியின் அடியில் இரு முனைகளிலும் போகி என்னும் நான்கு சக்கரச் சட்டம் இருக்கிறது. வளைவில் ஏறும்போது இரண்டு போகிகளும் தண்டவாளத்தில் நிற்கும். நடுவில் உள்ள உடலோ நேர்க்கோடாக உள்பக்கம் ஒதுங்கும். ஐசிஎஃப் பெட்டியில் போகி நடுப்புள்ளிகளுக்கு இடையே 14.783 மீட்டர். 1:45-இல் அது 331 மி.மீ. பிதாகரஸைத் துணைக்கு அழைத்தால், பெட்டியின் நடுப்பகுதி தண்டவாள மையத்திலிருந்து 46 மி.மீ. உள்ளே போகிறது. இரு முனைகளும் 43 மி.மீ. வெளியே துருத்துகின்றன. பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருந்தால் அதில் வரும் வண்டியை இடித்துத் தள்ளிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 104 குமிழ் ஆரமுள்ள பெரிய வளைவுகளை வேறு தயாரிப்பாளர்களிடம் வாங்குவது. அப்போது உள்ளொதுங்கல் 17 மி.மீ.க்குக் குறைந்துவிடும். ஆனால் முழு வட்டம் போட ஒவ்வொரு பக்கமும் ஒன்றே முக்கால் மீட்டர் உள்ள சதுர இடம் வேண்டும். சென்னை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அதற்கு வீட்டாரின் அனுமதி கிடைப்பது அரிது.

இரண்டாவது வழி அளவைக் குறைப்பது. அகலத்தை ஆறு குமிழாக வைத்தால் விகிதம் 1:68 அளவில் வருகிறது. நீளம் 39 குமிழைத் தாண்டும். போகி இடைவெளி 219 மி.மீ. வழக்கமான வளைவிலேயே நடுப்பகுதி உள்ளே 19 மி.மீ., முனைகள் வெளியே 20 மி.மீ. உள்ளும் புறமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருப்பது நல்ல அறிகுறி. இந்த விகிதத்தில் தண்டவாளம் பெட்டிக்கு அளவுக்கு மீறி அகலமாகத் தெரியும். ஆறு குமிழில் கட்டும் லெகோ ரயில்களுக்கெல்லாம் உள்ள குறை அது. ஓடுவதைப் பார்க்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

எட்டுக் குமிழ் அகலமும் பலருக்குப் பிடித்தது. அதில் நுணுக்கங்களுக்கு இடம் அதிகம். ஆனால் நீளத்தைக் குறைக்காமல் கட்டினால் 52 குமிழைத் தாண்டும், வழக்கமான வளைவில் 35 மி.மீ. உள்ளே சாயும். முதல் பெட்டிக்கு ஆறு குமிழ்தான் என் சிபாரிசு.

சுவரும் ஜன்னலும்

ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள், எட்டு எட்டாக ஒன்பது பகுதிகள். நிஜத்தில் உள்ள ஜன்னல்களை எல்லாம் இந்த அளவில் வைக்க முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு ஜன்னல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இரண்டு குமிழ் அகலம், இரு ஜன்னல்களுக்கு நடுவே ஒரு குமிழ் சுவர். ஒன்பது ஜன்னல்களுக்கு 18, நடுவில் எட்டுச் சுவர்களுக்கு 8, மொத்தம் 26. இரு முனைகளிலும் கதவுக்கும் கழிப்பறைக்கும் ஆறு ஆறு. ஆக 38 குமிழ். உண்மையான நீளத்தைவிட ஒன்றரைக் குமிழ் குறைவு. ஆனால் எண் இரட்டைப்படையாக வந்துவிட்டது. இரட்டை நீளப் பிளேட்டுகளே அதிகம் கிடைப்பதால் இது பெரிய நிம்மதி.

பெட்டிக்குள் நான்கு குமிழ் அகலத்தில் ஒரு மையச் சட்டம் கட்டுங்கள். உயரம் பத்துப் பிளேட். இருபுறமும் குமிழ் வெளிப்புறம் நோக்கும்படி பிராக்கெட்டுகளைப் பொருத்துங்கள். ஐந்து பிளேட்டுக்கு ஒரு முறை, பக்கவாட்டில் இரண்டு வரிசைக் குமிழ் உள்ள பிராக்கெட். பத்துப் பிளேட் உயரத்தில் நான்கு வரிசைக் குமிழ்கள் வெளிப்புறம் நோக்கும். அவற்றின்மேல் ஒரு அடுக்குப் பிளேட், அதன்மேல் டைல். மேலே சொன்ன கூட்டல்படி ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. கூடி, 32 மி.மீ. சட்டம் 48 மி.மீ. ஆகும், சரியாக ஆறு குமிழ்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பக்கக் குமிழ் உள்ள சாதாரணப் பிரிக்குகளும் கடையில் உண்டு. அவற்றில் பிராக்கெட்டின் அந்த அரை பிளேட் தடிமன் கிடையாது. இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் டைல்களுக்கு நடுவே 1.6 மி.மீ. படி விழும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் சுவர் முழுக்க அது நிழலாகத் தெரியும்.

ஜன்னலுக்கு 1×2 கிரில் டைல். அதன் வரிகள் நீளவாட்டில் ஓடுவதால், படுக்கையாக வைத்தால் ஸ்லீப்பர் ஜன்னலின் கிடைமட்டக் கம்பிகள் அப்படியே வந்துவிடுகின்றன. கறுப்பைவிட அடர் சாம்பல் நிறம் நன்றாக இருக்கும். கறுப்பில் கம்பிகள் மறைந்துபோகும். டைல் வரிசைகளில் கீழே இரண்டு நீலம், மூன்றாவதில் வெளிர் நீலப் பட்டையும் அதற்குள் ஜன்னல்களும், மேலே மீண்டும் நீலம். இந்த நீலப் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பட்டையைக் கண்டவுடனேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கூரைக்கு ஸ்லோப் என்னும் சரிவான துண்டுகளில் 3×1 வளைந்த ரகத்தை எதிரெதிரே வைத்தால் ஆறு குமிழ் அகலம் சரியாக மூடிவிடும். இடையிடையே சில இடங்களில் மட்டும் குமிழுள்ள துண்டை வைத்து, காற்றுப்போக்கிகளாக 1×1 வட்ட டைல்களைப் பொருத்துங்கள். குளிர்சாதனம் இல்லாத பெட்டி என்பதை அவைதான் சொல்லும்.

போகி சுதந்திரமாகத் திரும்ப வேண்டும். அடிச்சட்டத்தில் போகி சுழலும் பகுதியில் எதுவும் தொங்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி, பேட்டரிப் பெட்டி எல்லாம் இரண்டு போகிகளுக்கு நடுவில்தான். பெட்டிகளை இணைக்கும் காந்தத்தை உடலில் பொருத்தாமல் போகியிலேயே பொருத்துங்கள். உடலின் முனை வளைவில் 20 மி.மீ. வெளியே வீசுகிறது; காந்தம் அதோடு போனால் அடுத்த பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து இழுத்துவிடும்.

நிஜப் பெட்டியை அளந்து பார்க்க ஆசையிருந்தால், ஐசிஎஃப் வளாகத்தை ஒட்டிய சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்போடு 1955-இல் தொடங்கிய ஐசிஎஃப்பில் இந்த ரகத் தயாரிப்பு 2018-இல் நின்றது. ஓடிக்கொண்டிருப்பவையும் படிப்படியாக விலக்கப்படுகின்றன. படம் எடுக்கும்போது பெட்டிக்கு நேர் எதிரே, முடிந்தவரை தொலைவில் நின்று, ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் ஜன்னல்களின் அளவு சிதைந்து தெரியக்கூடும். அதை வைத்து அளந்தால் எல்லாம் தப்பாகும்.

விமானம்: நான்கு குமிழுக்குள் ஒரு ஏ320

விமானத்துக்குத் தண்டவாளக் கவலை இல்லை. ஆனால் உருண்டை உடல் வேண்டும். இதற்கு 2×1 வளைந்த ஸ்லோப் என்ற சிறு துண்டு பேருதவி. அதன் உயரம் இரண்டு பிளேட். அதே வளைவைத் தலைகீழாகக் கொண்ட துண்டும் உண்டு. இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால் நான்கு குமிழ் அகலத்தில் ஒரு வில். மேலே வில்லுக்கு இரண்டு பிளேட், நடுவில் இரண்டு பிரிக், அதாவது ஆறு பிளேட், கீழே தலைகீழ் வில்லுக்கு இரண்டு பிளேட். மொத்தம் பத்துப் பிளேட், 32 மி.மீ. அகலமும் நான்கு குமிழ், அதுவும் 32 மி.மீ. பக்கவாட்டுக் கட்டுமானம் எதுவும் இல்லாமலேயே குறுக்குவெட்டு சமமாக அமைந்துவிட்டது. தோள்கள் சற்றுச் சதுரமாகத் தெரியும். ஓரடி தள்ளி நின்று பார்த்தால் உருண்டைதான்.

இனி விகிதம் தானாக வருகிறது. ஏ320-இன் உடல் அகலம் 3.95 மீட்டர். 32 மி.மீ.க்கு வகுத்தால் ஏறத்தாழ 1:123. நீளம் 37.57 மீட்டர், அதாவது 38 குமிழ். இறக்கை விரிவு 35.80 மீட்டர், அதாவது 36 குமிழ். உயரம் 11.76 மீட்டர், 95 மி.மீ., பத்துப் பிரிக்குக்குச் சற்றுக் குறைவு. நியோவில் பொருத்தப்படும் லீப் இன்ஜினின் விசிறி விட்டம் 1.98 மீட்டர். இந்த விகிதத்தில் அது 16 மி.மீ., சரியாக 2×2 வட்ட பிரிக். இப்படி ஒரு பொருத்தம் அமையும்போது அந்த விகிதத்தை விட்டுவிடாதீர்கள்.

அளவுகளுக்கு அங்கங்கே கிடைக்கும் படங்களை நம்ப வேண்டாம். விமான நிலையங்களின் திட்டமிடலுக்காக ஏர்பஸ் தன் ஒவ்வொரு ரகத்துக்கும் முழு அளவுகளோடு ஆவணம் வெளியிடுகிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மேல், பக்க, முன் தோற்றங்கள் மூன்றும் அதில் இருக்கும். பக்கத் தோற்றத்தை 38 கட்டங்களாகப் பிரித்து அச்சிட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தப் பக்கத் தோற்றத்தில் வால் பகுதியை நன்றாகப் பாருங்கள். முதுகுக் கோடு கிட்டத்தட்ட நேராகவே பின்னால் போகிறது. அடிவயிறுதான் மேலே ஏறுகிறது. மேலும் கீழும் சமமாகக் குறுக்கினால் அது விமானமாக இராது, மீனாகிவிடும். மூக்கிலோ இதற்கு எதிர்: நுனி உடலின் மையக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, மேற்புறம்தான் சரிந்து இறங்குகிறது. இந்த இரண்டையும் சரியாகப் பிடித்தால் நிறம் தீட்டாத மாதிரிகூட ஏ320 என்று தெரியும். மூக்கைக் கட்டும் முன் வாலைக் கட்டுங்கள். வாலில் கற்றுக்கொண்டது மூக்கில் உதவும்.

இறக்கை பின்னோக்கி ஏறத்தாழ 25 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு குமிழ் வெளியே போகும்போது ஒரு குமிழ் பின்னால் போனால் 26.6 பாகை, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இதே சாய்வுள்ள ஆப்பு வடிவப் பிளேட்டுகளை முன்விளிம்பில் வரிசையாக வைக்கலாம். இறக்கை இரண்டு அடுக்குப் பிளேட்டாக இருக்க வேண்டும். மேலடுக்கின் இணைப்பும் கீழடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரவே கூடாது. ஒரு பக்கத்து இறக்கையிலிருந்து மறுபக்கம் வரை உடலுக்கு அடியில் தடையில்லாமல் ஓடும் நீண்ட பிளேட் ஒன்றாவது வேண்டும். அதற்கு இடம்? நிஜ விமானத்திலும் இறக்கை சேரும் இடத்தில் வயிறு புடைத்துத்தான் இருக்கிறது. அங்கே தலைகீழ் வில்லை எடுத்துவிட்டுப் பிளேட்டுகளை நுழைத்துக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் இறக்கை முனை சற்று மேலே ஏறியிருக்கும். கீல் பிளேட் வைத்து அதைக் காட்டச் சொல்வோர் உண்டு. இந்த அளவில் வேண்டாம் என்பேன். எடை தாங்காமல் கீல் தளர்ந்து, கொஞ்ச நாளில் இறக்கை கீழே தொங்கும். தட்டையான இறக்கையைவிட அது மோசம்.

வாலில் செங்குத்தாக நிற்கும் நிமிர்வாலை ஒரு குமிழ் தடிமனில் கட்டினால் நிஜ அளவில் ஒரு மீட்டர் சுவராகிவிடும். ஆப்புப் பிளேட்டுகளைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு பிளேட்டும் ஒரு டைலுமாக 6.4 மி.மீ.க்குள் முடித்துக்கொள்ளுங்கள். பயணிகள் ஜன்னல்களை விட்டுவிடலாம். இங்கே ஒரு குமிழ் ஒரு மீட்டர். ஜன்னல் அதில் சிறு பங்குதான். துண்டுகளால் காட்ட முயன்றால் உடலில் ஓட்டை போட்டது போல இருக்கும். வேண்டுமானால் மெல்லிய ஸ்டிக்கர் அச்சிட்டு ஒட்டலாம்.

தரையிறங்கு சக்கரங்கள்: முன் சக்கரத்துக்கும் பிரதான சக்கரத்துக்கும் இடையே 12.64 மீட்டர், நம் கணக்கில் 13 குமிழ். இரு பிரதான சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே 7.59 மீட்டர், எட்டுக் குமிழுக்குச் சற்றுக் குறைவு. வாலில் நிமிர்வாலின் எடை சேர்வதால் மாதிரி பின்பக்கம் சாயக்கூடும். மூக்கின் உட்புறத்தை வெற்றிடமாக விடாமல் பிரிக்குகளால் நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணினியில் கட்டுதல்

1995-இல் ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற ஆஸ்திரேலியர் உருவாக்கிய எல்ட்ரா என்ற நிரலிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. அதன் அளவு அலகு 0.4 மி.மீ. குமிழ் 20 அலகு, பிளேட் 8, பிரிக் 24, பிராக்கெட்டின் பக்கம் 4. எல்லாம் முழு எண்கள் என்பதால் கணக்குப் போட மி.மீ.யைவிட இதுவே வசதி.

இன்று பலரும் பயன்படுத்துவது பிரிக்லிங்க் ஸ்டுடியோ. இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும். முதலில் குறுக்குவெட்டில் ஒரே ஒரு பகுதியை, எட்டுக் குமிழ் நீளத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் நுழைந்தால் காட்டும் மோதல் எச்சரிக்கையை எப்போதும் அணைக்காதீர்கள். மோட்டார் வைக்கப் போகிறீர்கள் என்றால் மோட்டாரையும் பேட்டரிப் பெட்டியையும் முதலில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றிக் கட்டுங்கள். லெகோவின் மோட்டார் அமைப்பான பவர்டு அப்பின் பேட்டரிப் பெட்டிக்கு ஆறு ஏஏஏ பேட்டரிகள் வேண்டும். அவற்றை மாற்ற ஒவ்வொரு முறையும் கூரையைப் பிரிக்க நேரும். கூரை ஒரே துண்டாகக் கழன்று வரும்படி, சில குமிழ்களில் மட்டும் பிடிக்குமாறு அமையுங்கள்.

திரையில் புவியீர்ப்பு கிடையாது. ஒரே ஒரு குமிழில் தொங்கும் இறக்கையும் அங்கே அசையாமல் நிற்கும். ஸ்டுடியோவில் உறுதிச் சோதனை உண்டு. அது சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

நிறமும் வாங்குதலும்

திரையில் எந்தத் துண்டுக்கும் எந்த நிறமும் தீட்டலாம். சந்தையில் அப்படி இல்லை. ஒரு துண்டு லெகோ எந்தெந்த நிறத்தில் தயாரித்ததோ அந்த நிறத்தில்தான் கிடைக்கும், அதிலும் சில நிறங்களில் விலை பல மடங்கு. வடிவமைப்பு முடிந்த பிறகு இதைப் பார்ப்பது தாமதம். முதல் நாளே முக்கியமான நான்கைந்து துண்டுகளைப் பட்டியலிடுங்கள்: கோச்சுக்கு வெளிர் நீல டைலும் நீல டைலும், விமானத்துக்கு வெள்ளை வளைந்த ஸ்லோப்பும் அதன் தலைகீழ்த் துணையும். துண்டுகளைத் தனித்தனியாக விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் பட்டியலில் அவை கிடைக்கின்றனவா, என்ன விலை என்று பார்த்துவிட்டு நிறத்தைத் தீர்மானியுங்கள். வெளிர் நீலம் சிக்கலானால் வேறொரு நீலத்துக்கு மாறுங்கள். உள்ளே மறையும் துண்டுகள் எந்த நிறமாக இருந்தால் என்ன? வீட்டில் கிடப்பதையெல்லாம் அங்கே போடலாம்.

ஸ்டுடியோவிலிருந்து துண்டுப் பட்டியலை நேராகப் பிரிக்லிங்கின் வாங்க வேண்டியவை பட்டியலுக்கு அனுப்பலாம். வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்கும்போது துண்டு விலையைவிட அஞ்சல் செலவும் சுங்க வரியும் கனமாக இருக்கும். ஐந்து பேரிடம் மலிவாக வாங்குவதைவிட ஒருவரிடம் சற்று விலை கூடுதலாக வாங்குவது முடிவில் சிக்கனம். லெகோவோடு பொருந்தும் வேறு நிறுவனத் துண்டுகளும் கிடைக்கின்றன. உட்சட்டத்துக்கு அவை போதும். டைல்களின் நிறம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் இலேசாக மாறும் என்பதால், வெளியே தெரியும் சுவரை ஒரே தயாரிப்பில் முடியுங்கள்.

முழுப் பட்டியலையும் வாங்கும் முன் எட்டுக் குமிழ் நீளச் சோதனைத் துண்டுக்கு மட்டும் வாங்கிக் கட்டுங்கள். கோச் என்றால் அதை இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சுவர் பிராக்கெட்டிலிருந்து கழன்றால், மையச் சட்டத்தில் பிராக்கெட்டுக்கு மேலே ஒரு நீண்ட பிளேட் குறைகிறது என்று அர்த்தம். விமானம் என்றால் இறக்கையின் நடுப்பகுதியைக் கட்டி, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.

கட்டி முடித்த கோச்சை வளைவில் ஓட்டும்போது, இழுப்பதற்கு முன் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். இழுக்கும்போது மறைந்திருக்கும் குறைகள் தள்ளும்போது வெளியே வரும்: போகி அடிச்சட்டத்தில் உரசுவது, காந்தம் பக்கவாட்டில் கழன்றுகொள்வது, முன் சக்கரம் தண்டவாள இணைப்பில் ஏறுவது. உரசும் இடம் தெரியவில்லை என்றால் போகியின் மேல் சாக்பீஸ் தடவி ஒரு சுற்று ஓட்டுங்கள். அடிச்சட்டத்தில் வெள்ளை ஒட்டிய இடத்தில் ஒரு பிளேட்டைக் கழற்றிவிடலாம்.